வளரும் பிள்ளையின் முதுகைப் பாருங்கள்

பிள்ளையின் பல் சொத்தையானால் கவனிக்கிறோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால், வளர்ந்து வரும் பிள்ளையின் முதுகை உற்று நோக்கும் பெற்றோர் மிகச் சிலரேயாவர். பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பருவத்தில், சில பிள்ளைகளின் முள்ளந்தண்டு ஒரு பக்கமாக வளைந்து, சற்றே முறுக்கியும் கொள்கிறது. இதனை முள்ளந்தண்டுப் பக்கவளைவு என்பர். வைத்தியர்கள் 'ஸ்கோலியோசிஸ்' என்று குறிப்பிடுவர். இப்பருவத்தினருள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் இது காணப்படுகிறது. சிறிய வளைவு இருபாலாரிடமும் உண்டெனினும், அது பெருகிச் செல்வது பெண் பிள்ளைகளிடமே அதிகம்.

பெரும்பாலானோரிடத்தில் இதற்குக் காரணம் இன்னதென்று அறியப்படவில்லை. சில குடும்பங்களில் பலருக்கு வருவதுண்டு. பாரமான புத்தகப் பையோ, கோணி உட்காரும் பழக்கமோ இவ்வளைவை உண்டாக்குவதில்லை. ஆகவே, தாய் தன்னை நொந்துகொள்ளவும் வேண்டாம். "நிமிர்ந்து நட" என்று பிள்ளையை ஓயாது கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இராது. தளர்ந்த சீருடைக்குள் வளைவு மறைந்துவிடும். தெரிந்த பின்னரும், "நாளைக்கு மணம் பேசும்போது குறை சொல்வார்களே" என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்களும் உள. அவ்விதம் மறைவிலே கழியும் மாதங்கள், பிள்ளை விரைந்து உயரும் மாதங்களாகும். வளைவு வேகமாகப் பெருகுவதும் அப்பொழுதுதான்.

இதனைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. வில்லியம் அடம்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்த முறை அது. முதுகு நன்கு தெரியும்படி பிள்ளையை நிற்கச் செய்யுங்கள். கால்களைச் சேர்த்து, முழங்கால் மடியாமல், உள்ளங்கைகளை ஒன்றுசேர்த்துத் தொங்கவிட்டு, மெல்லக் குனியட்டும். பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தோள்கள் உயர்ந்து தாழ்ந்திருத்தலும், இடுப்பின் ஒரு பக்கம் உட்குழிந்திருத்தலும் கவனிக்கத்தக்கன. எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே இந்நோய் என உறுதி செய்வர்.

கத்தி வைக்காமல் இவ்வளைவைக் கட்டுப்படுத்த இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர், தாமே இவ்வளைவினால் துன்புற்ற ஒரு பெண்மணி. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1894ஆம் ஆண்டு பிறந்த கத்தரீனா ஷ்ரோத், இளவயதிலே இரும்புக் கவசம் அணிய நேர்ந்தது. நெளிந்த இறப்பர்ப் பந்தில் காற்றை நிரப்பினால் நெளிவு நிமிர்வதுபோல, நெஞ்சின் அமுங்கிய பக்கத்துக்கும் மூச்சைச் செலுத்தலாம் என்று அவர் சிந்தித்தார். கண்ணாடியின் முன் நின்று தம்மைத் தாமே திருத்தப் பழகினார். 1921இல் மைசென் நகரில் சிறிய சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1985இல் அவர் மறைந்த பின்னரும் அம்முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது.

இப்பயிற்சி பாடசாலையில் செய்யும் பொதுவான தேகாப்பியாசத்தினின்றும் வேறானது. இடப்புறம் வளைந்தவருக்கு உரியது வலப்புறம் வளைந்தவருக்குப் பொருந்தாது. உடலை மேல்நோக்கி நீட்டி, வளைவுக்கு எதிராக நகர்த்தி, குழிந்த பக்கத்துக்கு மூச்சை அனுப்பி, அந்நிலையிலே தசைகளை இறுக்கி நிறுத்தப் பழக்குவர். பின்னர் எழுதும்போதும் நடக்கும்போதும் அந்நிலையைப் பேணக் கற்பிப்பர்.

பயன் எவ்வளவு? 25 பாகைக்குக் குறைந்த வளைவுடைய 110 பேரைக் கொண்டு இத்தாலியில் நடத்தி 2014இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், தம்மைத் தாமே திருத்தும் பயிற்சி செய்தவர்களின் வளைவு சராசரியாக ஏறக்குறைய 5 பாகை குறைந்தது. எனினும், பயிற்சியின் பயன் பற்றி ஆய்வாளர் அனைவரும் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வளைவு 25 பாகையைக் கடந்து, பிள்ளை இன்னும் வளர வேண்டியிருந்தால், பயிற்சியோடு உடற்கவசமும் தேவைப்படும். 2013இல் வெளிவந்த அமெரிக்க, கனேடிய ஆய்வில், கவசம் அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேரின் வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி நிறைவுற்றது. அணியாதோருள் இத்தொகை 48 மட்டுமே. 50 பாகையை எட்டிய வளைவுக்குச் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிக்க நேரிடும். இழுத்து நிமிர்த்துவோம் என்பாரை நம்பிக் காலத்தைக் கழிப்பது தகாது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வஸ்கமுவ வனத்தை அடுத்துள்ள வில்கமுவ போன்ற ஒரு பகுதியை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள குடும்பம் வாரந்தோறும் மாத்தளைக்கோ கண்டிக்கோ பிள்ளையை அழைத்துச் செல்வது எளிதன்று. ஒரு நாட் கூலியும் போகும், பாடமும் போகும். ஆனால், இச்சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுவது. இயன் மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொண்ட பின், ஒரு கண்ணாடியும், ஒரு பாயும், நாள்தோறும் சிறிது நேரமும் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்தல் மட்டும் தவறலாகாது. முதலாவது பயணத்தைத் தள்ளிப்போடாதிருத்தலே முக்கியம். தரம் 7இல் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இதற்கு நல்ல வாய்ப்பு. அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். இடைவிடாத நோவோ, காலில் பலவீனமோ இருப்பின் அந்நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியரை நாடுங்கள்.

மாணவ மாணவியரே! முதுகு வளைந்திருப்பது வெட்கத்துக்குரியதன்று. உலகில் மிக வேகமாக ஓடிச் சாதனை படைத்த உசைன் போல்ட்டுக்கும் இவ்வளைவு உண்டு. உங்கள் உடலில் மாற்றம் கண்டால் அம்மாவிடம் அன்றே சொல்லுங்கள். தாய்மாரே! இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பிள்ளையைக் குனியச் சொல்லிப் பாருங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள். வளர்ச்சி முடிந்த பின் கிட்டாத வாய்ப்பு அது.