குஞ்சுக்குப் பகை தீன்மூடைக்குள்ளே

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான நமது கரையோர ஊர்களில், வளவுக்குள் கொட்டில் கட்டி நூறு, இருநூறு குஞ்சுகளை வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கடன்பட்டு வாங்கிய குஞ்சுகள் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தீன் எடுக்காமல் ஒடுங்கி ஒவ்வொன்றாய்ச் சாகும்போது, பழி முதலில் குஞ்சு விற்றவர் மீதும் அடுத்து தடுப்பு மருந்தின் மீதும் விழுகின்றது. தீன்மூடையை எவரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிப்போருக்கும் இப்போது 'நல்ல பக்றீரியா' அடங்கிய தூள்கள் பரிகாரமாகக் காட்டப்படுவதால், இவ்விடயம் குறித்துச் சிலவற்றைக் கூற வேண்டியுள்ளது.

1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் புரியாமல் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். பிரேசிலிலிருந்து இறக்குமதியான நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அதில் வளர்ந்த அஸ்பேர்ஜிலஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே அப்லாடொக்சின் என்ற பெயர் பிறந்தது. நமது நாடும் இதனை அறியாதிருக்கவில்லை. துருவிய தேங்காயில் இந்நஞ்சு தாராளமாக உண்டாகும் என்பதைப் பேராதனை ஆய்வாளர்கள் 1969இலேயே எழுதிவிட்டனர். எனினும் நம்மிற் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டது 2021 மார்ச்சில், இறக்குமதித் தேங்காயெண்ணெய் விவகாரத்தின்போதுதான். மனிதரின் வாய்க்கு வரும் எண்ணெய்க்காக எழுந்த கூச்சல், கோழியின் வாய்க்குப் போகும் புண்ணாக்குக்காக எழவில்லை.

சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியனவே வீட்டில் கலக்கும் தீனின் பிரதான பொருட்கள். மூன்றுமே இப்பூஞ்சணத்துக்கு உகந்தவை. வடகீழ்ப் பருவ மழை கொட்டும் மாதங்களில், கடற்காற்றின் ஈரத்தோடு, சீமெந்துத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்த மூடை எந்நிலையில் இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கட்டிதட்டிய பகுதியை எறிந்துவிட்டு மிகுதியை வெயிலில் போட்டெடுத்தால் சரி என்று நம்புகின்றோம். வெயில் பூஞ்சணத்தின் வளர்ச்சியை நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே சுரந்த நஞ்சு அங்கேயே இருக்கும். தீனை அவித்தாலும் அது இலகுவில் அழியாது. கண்ணுக்குத் தெரியாத இந்நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுத்து, நோயெதிர்ப்புச் சக்தியையும் குறைக்கின்றது. தடுப்பு மருந்து கொடுத்த பின்னரும் இராணிக்கெட் நோய் வருகின்றதே என்று கால்நடை வைத்தியரோடு சண்டைக்குப் போவோர் இதனையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும். தாரா வளர்ப்போர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். கோழிக் குஞ்சு தாங்கும் அளவைத் தாராக் குஞ்சு தாங்காது.

பக்றீரியாத் தூள் வெறும் ஏமாற்று என்று நான் கூறவில்லை. பின்லாந்தின் குவோப்பியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், லக்டோபசிலஸ் வகையொன்று கோழிக் குஞ்சின் சிறுகுடலில் இருந்த நஞ்சில் சுமார் பாதியை ஒரு நிமிடத்துக்குள் பற்றிக்கொண்டது. பக்றீரியாவின் கலச்சுவரே அதனைப் பற்றுகின்றது. ஆகவே செத்த பக்றீரியாவும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் பற்றிய நஞ்சில் ஒரு பகுதி மீண்டும் கழன்றுவிடவும் கூடும். வேறு சில பக்றீரியாக்கள் நஞ்சையே உடைத்து விடுகின்றன. மாட்டின் இரைப்பையில் கண்டெடுத்த அத்தகைய ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கோழித் தீனுக்கு அனுமதித்தது. எனினும் அது உடைப்பது திரைக்கோதெசீன் எனும் வேறொரு பூஞ்சண நச்சுக் குடும்பத்தையே. அப்லாடொக்சினை அது தொடுவதில்லை.

சிக்கல் இங்கேதான் உள்ளது. எந்த நஞ்சுக்கு எந்த பக்றீரியா, எவ்வளவு என்பது தெரியாமல் வாங்கும் தூள் வெறும் தூளே. அண்மையில் ஒரு கடையில் இத்தகைய பொதியொன்றைப் புரட்டிப் பார்த்தேன். பக்றீரியாவின் வகைப்பெயர் இல்லை. எந்த நச்சுக்கு என்றும் இல்லை. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது! தூள் கலந்துவிட்டோம் என்ற தைரியத்தில் மலிவான, நிறம் மாறிய சோளத்தை வாங்கும் பழக்கமும் வந்துவிட்டால் அத்தூள் நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அடுத்த ஆண்டில் சோளம் தட்டுப்பட்டுத் தீன் விலை ஏறியபோது, கிடைத்ததையெல்லாம் கோழிக்குப் போட்ட அனுபவம் நமக்குண்டு.

சோளத்தின் ஈரம் நூற்றுக்கு 13 அளவுக்குக் குறையும்வரை காயவைப்பதும், மூடையைப் பலகை மீது சுவரிலிருந்து விலக்கி அடுக்குவதும், இரண்டு வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்குவதும் தூளைவிட மலிவானவை. ஆனால் இவ்வளவையும் செய்பவர்கூடத் தன் மூடையில் நஞ்சு உண்டா இல்லையா என்று அறிய இப்பக்கத்திலேயே ஒரு வழி இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டம் ஏட்டில் இருக்கின்றது. நூறு குஞ்சு வளர்க்கும் ஒரு பெண் கையளவு சோளத்தோடு பேராதனைக்குப் பஸ் ஏறப் போவதில்லை. நச்சைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டிகள் உலகில் உண்டு. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் அப்பீடமும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு மேசையில் அமர்ந்தால், கரையோரத்தில் ஒரு சோதனை நிலையம் அமைவது பெரிய காரியமல்ல. நமது மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது இதனையே.