மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு சர்வே தேர்வா? பதறாதீங்க, கேள்வி கேளுங்க!



"சின்னப்புள்ளைக்கு என்னமோ சர்வே பரீட்சையாம். கேள்வித்தாளே வெளியில இருந்து வருதாம். ஃபெயிலாயிட்டா என்ன செய்றது?"

செல்லூரில் தறிக்குப் போகிற அம்மாவும், மேலூர் பக்கம் நாத்து நடப் போகிற அம்மாவும் கேட்கிற கேள்வி இதுதான். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தேர்வில் உங்கள் பிள்ளை ஃபெயில் ஆக முடியாது. ஏனென்றால் இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

மூன்று வேறு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று, வகுப்பறை மதிப்பீடு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பாடம், கடகடவெனப் படிக்கிற பிள்ளைக்கு வேறு பாடம். எங்கிருந்து ஆரம்பிக்கணும் என்று ஆசிரியருக்குச் சொல்கிற அடையாளம் இது. "எம்புள்ள இன்னும் அரும்புதானா?" என்று தலையில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு, சர்வே தேர்வு. ஒன்றிய அரசு 2021 நவம்பர் 12-ல் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளுக்கும், 2024 டிசம்பர் 4-ல் 'பராக்' என்ற பெயரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கும் நடத்தியது. எல்லாப் பள்ளியிலும் அல்ல, தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் அரசுப் பள்ளிகளின் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவில் நடத்தியது. சுமார் 9.8 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள்.

மூன்று, பொதுத்தேர்வு. 2019 செப்டம்பரில் 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்தது ஞாபகம் இருக்கிறதா? பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரி 4-ல் அது ரத்தானது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு 5, 8-ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. அது கேந்திரிய வித்யாலயா போன்ற ஒன்றிய அரசுப் பள்ளிகளுக்குத்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்திவைப்பதில்லை.

ஆக, சர்வே தேர்வு யாரை அளக்கிறது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அதுதான். பருக்கை வேகவில்லை என்றால் அடுப்பைப் பார்ப்போம், தண்ணியைப் பார்ப்போம். பருக்கையைப் பிடித்து யாராவது அடிப்பார்களா?

ஆனால் அதுதான் நடக்கிறது. மதிப்பெண் குறைந்தால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நெருக்குவார். தலைமையாசிரியர் ஆசிரியரை நெருக்குவார். கடைசியில் அந்த நெருக்கடி எட்டு வயசுப் பிள்ளையின் முதுகில் வந்து விழும். கதை சொல்ல வேண்டிய நேரத்தில் மாதிரி வினாத்தாள் ஓடும். வீட்டிலும் "டியூசன்ல சேர்த்துவிடு" என்று கிளம்பிவிடுகிறோம். வெந்த பருக்கையாகப் பொறுக்கி எடுத்துக் காட்டினால் சோறு வெந்துவிடுமா?

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டில் நவம்பர் 1-ல்தான் திறந்தன. நடுவில் தீபாவளி வேறு. நவம்பர் 12-ல் சர்வே. அன்றைக்கு மூணாங்கிளாஸில் உட்கார்ந்திருந்த பிள்ளை, கடைசியாக வகுப்பறையில் ஒழுங்காகப் படித்தது ஒண்ணாங்கிளாஸில்! அந்த மதிப்பெண் பிள்ளையின் மூளையை அளந்ததா, மூடிக்கிடந்த பள்ளியை அளந்ததா?

அளக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அளக்கத்தான் வேண்டும். காசு கட்டிப் படிக்கவைக்கிறவர் போய்ச் சண்டை போடுவார். கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளை படிக்கத் தெரியாமலே அஞ்சாங்கிளாஸ் தாண்டிப் போனால் யார் கேட்பது? கணக்கு வெளியே வந்தால்தான் அரசைக் கேள்வி கேட்க முடியும். அதனால்தான் சொல்கிறோம்: அளந்து முடித்ததும் பதில் சொல்ல வேண்டியது அரசு, பிள்ளை அல்ல.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ரெண்டே ரெண்டு. தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் "என்ன கதைடா இது?" என்று கேளுங்கள். கடைக்கு அனுப்பும்போது ஐம்பது ரூபாய் கொடுத்து, முப்பத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். திக்கினால் திட்டாதீர்கள். எங்கே திக்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தடுமாறுவது காதுக்குத் தெரியும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கான கூட்டம் இல்லை அது. மூன்று கேள்வி கேளுங்கள்:

✅ நம்ம பள்ளியின் சர்வே முடிவு என்ன? எங்களுக்குப் புரிகிற தமிழில் ஒரே பக்கத்தில் தருவீர்களா?

✅ வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு என்ன திட்டம்? எத்தனை நாளில்?

✅ அஞ்சு வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்? அறுபது பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டம். ஒருத்தர் பயிற்சிக்குப் போனால் அஞ்சு வகுப்பையும் யார் பார்ப்பது?

பதில் இல்லையா? கிராம சபையில் கேளுங்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். துணைக்கு எங்கள் தோழர்கள் வருவார்கள்.

பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஏற்றுக்கொண்டு, 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம்ம சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். அன்றைக்குப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அடுப்பைப் பற்றவைத்தார்கள். படிப்புக்கும் அதையேதான் கேட்கிறோம்.

இன்றைக்கு ராத்திரி "எத்தனை மார்க்கு?" என்று கேட்காதீர்கள். "என்ன படிச்ச, வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள்.

பகிருங்கள். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

#பதில்_சொல்ல_வேண்டியது_பிள்ளையல்ல
#மதுரை