காபி மெஷினை யார் கழுவுவது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். ஒரே மாடியில் நாலு சின்ன ஆபீஸ்கள். பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிச்சன். மொத்தம் பதினெட்டு பேர். எல்லோரும் பணம் போட்டு ஆட்டோமேட்டிக் எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கப் போகிறார்களாம். "எந்த மாடல் நல்லது, சொல்லுங்க" என்றார்.

"யார் கழுவப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அதான் கூட்டிப் பெருக்க அக்கா வர்றாங்களே!"

காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வருகிற அக்கா. பெருக்குவதற்கும் துடைப்பதற்கும் மட்டும் சம்பளம் பேசப்பட்ட அக்கா. அவரிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. மெஷினின் கலரைப் பற்றிக்கூட ஓட்டெடுப்பு நடந்திருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பதினெட்டு பேர், ஆளுக்கு இரண்டு காபி. ஒரு நாளைக்கு முப்பத்தாறு. வீட்டுக்கென்று செய்த மெஷின்களில் காபிச் சக்கை விழும் டப்பா பத்துப் பதினைந்து காபிக்கே நிரம்பிவிடும். தண்ணீர் டேங்க் பெரும்பாலும் இரண்டு லிட்டருக்குள்தான். அப்படியானால் தினம் இரண்டு மூன்று தடவை சக்கையைக் கொட்டி, தண்ணீரும் ஊற்ற வேண்டும். வீட்டு மெஷினை ஆபீசில் வைத்தால் பல கம்பெனிகள் வாரண்டியும் தருவதில்லை. ஆபீசுக்கென்று செய்த மெஷின் என்றால் விலை லட்சங்களில் போகும்.

அடுத்தது பால். எஸ்பிரஸ்ஸோ என்பது சின்னக் கிண்ணத்தில் வரும் கறுப்புக் காபி. ஏழெட்டு கிராம் தூளில் ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிஷத்துக்குள் இறக்குவது. நம்ம ஊரில் அதை அப்படியே குடிப்பவர் எத்தனை பேர்? நமக்குப் பால் வேண்டும். பாலை உறிஞ்சி நுரைக்கிற குழாயைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நாள் விட்டால் மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். போர் தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். அதை நீக்க மருந்து ஊற்றி ஓட விட வேண்டும். இன்னொன்று: கொட்டையை அரைத்து இறக்கும் மெஷினில் சிக்கரி கலந்த நம் ஊர் டிகாக்‌ஷன் வராது. ருசி மாறிப்போச்சே என்று அப்புறம் புலம்பக்கூடாது.

ஆட்டோமேட்டிக் என்ற சொல்லே ஒரு ஏமாற்று. காபி போடுவதுதான் ஆட்டோமேட்டிக். கழுவுவதற்கு எப்போதும் ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று கேட்காமல் இருப்பதற்குத்தான் நாம் மாடல் நம்பரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம்.

இது சின்ன விஷயமா? காபி இந்த ஊரில் என்றைக்குமே வெறும் பானமாக இருந்ததில்லை. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் பெரியார் மறியல் நடத்தினார். காபி நன்றாக இல்லை என்பதற்காக அல்ல. பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்று போட்டிருந்ததற்காக. யார் போடுகிறார், யார் குடிக்கிறார், யார் கழுவுகிறார் என்பதெல்லாம் இங்கே சாதிக் கணக்கு. கிராமத்து டீக்கடைகளில் ரெட்டை டம்ளர் முறையை எதிர்த்து எத்தனை போராட்டங்கள்! பேப்பர் கப் வந்ததும் இனி அந்தப் பிரச்னை இல்லை என்றார்கள். ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்று அதிலும் ரெட்டை வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. ஆனால் டம்ளரைப் பிரித்து வைக்கும் புத்தியை எந்த அரசாணையால் தடை செய்வது?

அதே 1957-இல் இன்னொன்றும் நடந்தது. காபி போர்டு தன் இந்தியா காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தபோது, வேலை இழந்த தொழிலாளிகள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கடை நடத்த ஆரம்பித்தார்கள். முதல் சங்கம் பெங்களூரில். கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே போனால் புதுச்சேரி நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காபி கொண்டு வந்து வைப்பவர்கள் சேர்ந்து கடைக்கு முதலாளி ஆகலாம் என்று காட்டிய இயக்கம் அது.

மெஷினே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். எதிர் டீக்கடையிலிருந்து கம்பி ஸ்டாண்டில் ஆறு டம்ளர் தொங்க, மாடிப்படி ஏறி வந்த பையன்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டீக்கடைகளில் பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை அந்தப் பையன்கள் கொண்டு வந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் நாம் குழந்தைத் தொழிலாளர் கொடுமை பற்றிப் பேப்பரில் படித்தோம். "தம்பி, ஒரு காபி" என்று இன்னொருவரை ஏவுவதை ஒரு மெஷின் ஒழிக்கும் என்றால், அது இரண்டு லட்சம் ஆனாலும் வாங்குங்கள். ஏவப்படுகிறவருக்கு இன்னொரு வேலையை ஏற்றி வைக்கும் என்றால், ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டீர்களா? காபி இறங்கும் உள்பாகத்தைக் கையால் கழற்றிக் கழுவ முடிகிற மாடலாகப் பாருங்கள். பால் குழாய் இல்லாததே உத்தமம். பாலை அடுப்பில் காய்ச்சுங்கள், டிகாக்‌ஷனை மட்டும் மெஷின் தரட்டும். சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். 'சென்னையிலிருந்து' என்றால் யோசியுங்கள். கழுவும் முறையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதினெட்டுப் பெயரும் அதில் இருக்கட்டும், மேனேஜர் பெயர் முதலில். அக்காதான் கழுவ வேண்டும் என்றால் அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால் அதற்குத் தனியாக நேரம், தனியாகச் சம்பளம்.

இதெல்லாம் முடியாது என்றால் பித்தளை ஃபில்டர் இரண்டு வாங்கிப் போடுங்கள். கரண்ட் வேண்டாம், வாரண்டி வேண்டாம். கழுவ ஐந்து நிமிஷம்.

எது வாங்கினாலும் சரி, அதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் கிச்சனுக்குள் போய்ப் பாருங்கள். ஷெல்ஃபில் வரிசையாகப் பீங்கான் கப்புகள் இருக்கும். ஜன்னல் திட்டில் தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறதா? "அவங்களேதாங்க தனியா வச்சுக்கிட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். முதலில் அந்த டம்ளரை எடுத்து ஷெல்ஃபில் வையுங்கள். மெஷின் அடுத்த மாதம் வரட்டும்.