அறுபது வயதுவரை பல் தாங்குமா?

சிங்கப்பூரில் சில பல் சிகிச்சைகளுக்கு, மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து ஃபிளெக்ஸி-மெடிசேவ் பணத்தை எடுக்கலாம், ஆனால் 60 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று 2025இல் முடிவெடுத்தார்கள். மூத்தோருக்குக் கிடைத்ததில் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவருக்கு நாற்பதிலேயே வாய் காலியாகிவிடுகிறதே, அதை அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர்கூடவா எண்ணிப் பார்க்கவில்லை?

ஹெராயின் எச்சிலை வற்றச் செய்யும். இனிப்பைத் தேடவைக்கும். சொத்தை நரம்பைத் தொட்டாலும் வலி தெரியாது. பழக்கத்தை விட்ட பிறகுதான் அத்தனை வலியும் சேர்ந்து வரும். பல்வலி தாங்காமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும் ஆபத்து உண்டு. மறுபடி பழகாமலிருக்க நல்ட்ரெக்ஸோன் எடுப்பவருக்கோ கோடீன் போன்ற வலி மருந்துகள் வேலை செய்யா. ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் பியூப்ரெனார்ஃபின் கதை வேறு. நாக்கடியில் கரையும் அந்த மாத்திரையால் பல் கெடுவதாக 305 புகார்கள், அவற்றில் 131 கடுமையானவை என்று 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மாத்திரை கரைந்ததும் வாயில் தண்ணீர் விட்டு மெதுவாகக் கொப்பளித்து விழுங்க வேண்டும், ஒரு மணி நேரம் பல் துலக்கக்கூடாது என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 42. அறுபது அல்ல!

இன்னொரு வேடிக்கை. அறுபதுக்குக் கீழே இருப்பவர் ஈறைக் கிழித்துப் பல்லை எடுத்தால் மெடிசேவ் தரும், அது அறுவை சிகிச்சையாம். அதே பல்லைக் காப்பாற்ற சொத்தையை அடைத்தால், வேர்ச் சிகிச்சை செய்தால், கைக்காசு. பல்செட்டுக்கும் அப்படியே. தேக்கா நிலையத்துச் சாப்பாட்டுக் கடைகளில் தோசையைச் சாம்பாரில் ஊறப்போட்டு முன்பல்லாலேயே மென்று, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் நேர்முகத் தேர்வுக்குப் போனால் வாயைத் திறந்த உடனேயே பழைய வாழ்க்கை வெளியே தெரிந்துவிடுகிறது.

கிளினிக் கட்டணத்துக்கு மானியம் தரும் சாஸ் அட்டை இருக்கிறதே என்பார்கள். அந்த அட்டையின் நிறம் வீட்டிலுள்ள எல்லாருடைய வருமானத்தையும் பார்த்துத் தரப்படுவது. சிறையிலிருந்து வந்து அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்பவர், அண்ணனும் அண்ணியும் வாங்கும் சம்பளத்தால் வசதிக்காரராகிவிடுகிறார். அப்படியே நல்ல நிறத்தில் அட்டை கிடைத்தாலும் மானியம் போக மிச்சத்தை யார் கட்டுவது?

முடிவெடுப்பவர்களுக்கு இப்படி அரைகுறையாகச் செய்வது புதிதல்ல. 2002இல் சுபுடெக்ஸை ஹெராயினுக்கு மாற்று மருந்தாகக் கொண்டுவந்தார்கள். பியூப்ரெனார்ஃபின்தான் அது. அக்கம்பக்கத்துக் கிளினிக்குகளில் தாராளமாகக் கிடைத்தது. நாக்கடியில் வைக்க வேண்டியதைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். லிட்டில் இந்தியாவின் பின்சந்துகளில் ஊசிகள் கிடந்தன. இதய வால்வில் கிருமி தொற்றி மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெருகினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 ஆகஸ்ட் 14 அன்று ‘ஏ’ பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்தார்கள். நேற்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை இன்று சிறைக்கு அனுப்பும் சரக்கானது. கொண்டுவந்தபோது கண்காணிப்பு போதவில்லை, எடுத்தபோது மாற்று ஏற்பாடும் போதவில்லை. அந்த மாத்திரையை நம்பி இருந்தவர்களின் பல்லைப் பற்றி அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

2004 முதல் ஆண்டுதோறும் மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்டு முன்னாள் கைதிகளுக்கான இரண்டாம் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறோம். மேடையில் கைதட்டி வரவேற்றவருக்கு பல்செட் கட்டிக்கொள்ள அவருடைய சொந்த மெடிசேவ் பணத்தையே தொட விடமாட்டோம். இது என்ன நியாயம்? அவர் உழைத்துச் சேர்த்த காசு அது.

வயது வரம்பைத் தளர்த்துவதா, மீண்டு வருவோருக்குத் தனி வழி வைப்பதா, சிறையிலிருந்து விடுவிக்கும்போதே பல்லையும் பார்த்து அனுப்புவதா, ஏதாவது ஒன்றைச் செய்யட்டும். எப்படி என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006இல் தேதி குறித்து ஒரு மருந்தையே இல்லாமல் செய்யத் தெரிந்தவர்கள்தானே.