நீதிபதி நியமனத்திலும் ஒரே எடைக்கல் வேண்டும்



2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவல் துறையினரால் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது நம் மாவட்டமே கொதித்தது. அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, யாராவது மனுப் போடட்டும் என்று காத்திருக்கவில்லை. தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது. அந்த நாற்காலிகளில் யார் அமர்கிறார்கள் என்பது தில்லியின் விவகாரம் மட்டும்தானா? நம் வீட்டு விவகாரமும் அல்லவா?

நீதிபதிகளை நியமிப்பது யார் என்ற இழுபறி நம் நாட்டில் பழையது. 1973-இல் இந்திரா காந்தி அரசு மூத்த நீதிபதிகள் மூவரை ஒதுக்கிவிட்டு ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது. நெருக்கடி நிலையின்போது தனிமனித உரிமைக்காகத் தனித்து நின்று தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னா, 1977-இல் அதேபோல் ஒதுக்கப்பட்டுப் பதவி விலகினார்.

இந்தச் சூட்டை மறக்காத உச்ச நீதிமன்றம், 1993-இல் தன் தீர்ப்பாலேயே நியமன அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் பெயர்களைப் பரிந்துரைக்கும். அரசு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தினால் நியமித்தே ஆகவேண்டும். 2014-இல் நாடாளுமன்றம் இதை மாற்றி, ஆறு பேர் கொண்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சண்டை முடியவில்லை, வேறு இடத்துக்கு மாறியது. மறுத்தால்தானே காரணம் சொல்லவேண்டும்? கோப்பை எடுக்காமல் வைத்திருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருவோம். வழக்கறிஞர் ஜான் சத்யனின் பெயரைக் கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார் என்பது ஆட்சேபங்களில் ஒன்று. அது தகுதிக்குக் குறை அல்ல என்று கூறி, 2023 ஜனவரி 17-இல் கொலீஜியம் அவர் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. அன்றைக்குத்தான் மதுரைக் கிளை வழக்கறிஞர் விக்டோரியா கௌரியின் பெயரும் பரிந்துரைக்கப்பட்டது. அவர் பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியவற்றைச் சுட்டிக்காட்டி வழக்கறிஞர்கள் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றனர், மனு தள்ளுபடியானது. பிப்ரவரி 7-இல் அவர் பதவியேற்றார். முன்னவரின் பெயரோ அப்போதும் நிலுவையில் இருந்தது.

அரசியல் பின்னணி இருந்தவர் நல்ல நீதிபதியாக இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. இருக்க முடியும், இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்குக் கட்சிப் பொறுப்பு தடையில்லை, மற்றவருக்குப் பகிர்ந்த கட்டுரை தடை என்றால், அது என்ன நியாயம்? மீன் ஏலத்தில் வாங்குபவருக்கு ஒரு எடைக்கல், விற்பவருக்கு வேறொரு எடைக்கல் என்றால் நம் கடற்கரையில் யார் பொறுத்துக்கொள்வார்கள்? ஜான் சத்யன் கிறிஸ்தவர் என்பதற்காக இதைக் கேட்டால், நாமும் எடைக்கல்லை மாற்றுகிறவர்களே. நாளை ஆட்சி மாறி, இதே தந்திரம் எதிர்த்தரப்புப் பெயர்மேல் பாய்ந்தாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

முரட்டுப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே நீதிபதி நியமனத்துக்குச் செனட் சபை ஒப்புதல் தேவை. 2005-இல் இரு கட்சியிலிருந்தும் ஏழு ஏழு பேராகப் பதினான்கு செனட்டர்கள் உடன்பாடு கண்டு மோதலைத் தவிர்த்தார்கள். 2013-இல் ஜனநாயகக் கட்சி கீழமை நியமனங்களுக்கான விதியைத் தளர்த்தியது. 2017-இல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் அதையே செய்தது. தேர்தல் ஆண்டு என்று சொல்லி 2016-இல் ஒபாமாவின் நியமனத்தைத் தடுத்தவர்கள், 2020-இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு தங்கள் நியமனத்தை நிறைவேற்றினார்கள். நேற்று நீ செய்தாய், இன்று நான் செய்கிறேன் என்பதற்கு எல்லை ஏது?

உடன்பாடு கோழைத்தனம் அல்ல. அதிகாரம் முழுவதும் அரசிடமோ தலைமை நீதிபதியிடமோ குவியக்கூடாது என்று 1949-இலேயே அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் நடுவழியை முன்வைத்தார். வழியின் ஒரு பகுதி இன்றும் கையில் இருக்கிறது. மீண்டும் ஒருமனதாக வலியுறுத்தப்பட்ட பெயரை மூன்று, நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு சொன்னது. அரசு அந்தக் கெடுவை மதிக்கட்டும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் சொல்லட்டும். நீதிபதிகளும் மூடிய அறைக்குள் தாங்களே தங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையைத் தளர்த்தி, வெளியாருக்கும் இடம் தரட்டும். இரு தரப்பும் ஓரடி பின்வைத்தால் நீதி ஓரடி முன்வரும்.

காலியான நாற்காலியால் பெரியவர்களுக்கு நட்டமில்லை. வாய்தா வாங்கி வாங்கித் தேய்ந்துபோகிறவர்கள் நிலத்தை இழந்த ஏழையும், கணவனைக் காவலில் பறிகொடுத்த பெண்ணும்தான். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் சாலையையும் தண்ணீரையும் கேட்கிறோம். நீதிபதி நியமனத்தில் நீங்கள் எந்த எடைக்கல்லை வைத்திருக்கிறீர்கள் என்றும் இனிக் கேட்போம்.