ஐஸுக்கும் அழுக்கு உண்டு!

ஜூஸ் கடையில் 'மெஷின் ஐஸ்தான் சார்' என்றதும் நிம்மதியாக உறிஞ்சுகிறீர்களா? குளிர் எல்லாக் கிருமியையும் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும்.

கவுன்ட்டருக்கு அடியில், காற்றே போகாத மூலையில் மெஷினைத் திணிக்கிறார்கள். ஃபில்டர் இல்லாமல் போர் தண்ணீர். உள்ளே உப்புப் படிந்து வழவழக்கிறது. வடிகுழாயைச் சாக்கடைக்குள்ளேயே செருகினால், அடைப்பு வரும் நாளில் கழிவுநீர் ஐஸ் பெட்டிக்கே திரும்பும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது உப்பு நீக்கி, கிருமிநாசினியால் கழுவச் சொல்கின்றன பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள். யார் படிக்கிறார்கள்? ஐஸ் விழாவிட்டால்தான் மெக்கானிக்குக்கு போன்!

சாப்பிடக் கூடாத ஐஸில் நீலச் சாயம் கலக்கச் சொன்னது உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2018-ல். சரி, வெள்ளை ஐஸின் யோக்கியதையை எந்த நிறம் சொல்லும்? நீங்கள்தான் கேட்க வேண்டும்: "அண்ணே, மெஷினைக் கடைசியா எப்போ கழுவினீங்க?" பதில் வராவிட்டால், ஐஸ் இல்லாமலே வாங்குங்கள்.