மூச்சு வாங்கிய வண்டியும் 14,000 ரூபாய் எஸ்டிமேட்டும்

எங்கள் கார் 2008இல் வாங்கியது. மின்துறையில் வேலை பார்த்தபோது கடன் போட்டு வாங்கிய முதல் கார். கடைசிக் காரும் அதுதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் எழுதப் போகும் கோளாறு கம்பெனியால் வந்ததல்ல. பாதி வயசால் வந்தது, மீதி யாரால் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று மாதம் முன்பு ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றபோது ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. இன்ஜின் தானாக 'ஊம்' என்று ஏறியது, அடங்கியது, மறுபடி ஏறியது. இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை, ஆஸ்துமாக்காரர் மூச்சு வாங்குவது போல. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, நாம ரேஸ் விடறோம்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. மாதம் ஒருமுறை ஜிப்மர் போயாக வேண்டும். அதனால் இந்த வண்டி எனக்கு ஆடம்பரமல்ல.

முதலில் போன இடம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். பையன் ஸ்கேனரை மாட்டினான். கோளாறு எண் எதுவும் வரவில்லை. "ஐடில் வால்வ் மாத்திப் பார்ப்போம். சரியாகலன்னா ஈசிஎம் பார்க்கணும்" என்றான். எஸ்டிமேட் 14,000 ரூபாய். கூடவே இலவச ஆலோசனை: "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க." சென்னையில் இருக்கும் மகனும் போனில் அதையே சொன்னான்.

'மாத்திப் பார்ப்போம்' என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. முப்பது வருஷம் லைன் ஃபால்ட் பார்த்தவன் நான். ஒரு தெருவில் விளக்கு மினுக்கினால் உடனே டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற மாட்டோம். எப்போது மினுக்குகிறது, மழையிலா காற்றிலா, கடைசியாக அங்கே யார் கை வைத்தது என்று கேட்போம். பெரும்பாலும் எங்கோ ஒரு லூஸ் ஜாயின்ட் இருக்கும்.

அடுத்த நாள் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான்.

"காலையில ஸ்டார்ட் பண்ணதும் இப்படியா, சூடான பிறகா சார்?"

"சூடான பிறகுதான் பாய்."

"ஏ.சி. போட்டா?"

போட்டுக் காட்டினேன். ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டது.

"கடைசியா வண்டியில என்ன வேலை நடந்துச்சு?"

அங்கேதான் நான் விழித்தேன். இரண்டு வாரம் முன்பு ஏர் ஃபில்டரை நானே மாற்றியிருந்தேன். பென்ஷன்காரனுக்கு நேரம் இருக்கிறதல்லவா!

அவர் சிரித்தார். இன்ஜின் ஓடும்போதே ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் லேசாக அழுத்தினார். மூன்றாவது ஹோஸை அழுத்தியதும் இன்ஜின் தூங்கும் குழந்தை போல அமைதியானது. கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிப்பு. உப்புக் காற்றும் இன்ஜின் சூடும் பதினைந்து வருஷம் தின்ற ரப்பர். நான் இழுத்த இழுப்பில் கிழிந்திருக்கிறது. ஹோஸ் 120 ரூபாய், கூலி 200.

ஏன் அப்படி மூச்சு வாங்கியது? அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருக்கும். அளந்த கொஞ்சம் காற்றுதான் உள்ளே போகும். ஹோஸ் கிழிந்தால் திருட்டு வழியில் கூடுதல் காற்று நுழைகிறது. கம்ப்யூட்டர் அதற்கு ஈடாகப் பெட்ரோல் விட, வேகம் ஏறுகிறது. 'கால் எடுத்தாச்சு, வேகம் மட்டும் அதிகம், வண்டி இறக்கத்தில் ஓடுது போல' என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது. இன்ஜின் அணைந்துவிடுமே என்று மறுபடி விடுகிறது. இதே சுற்று ஓயாமல் நடக்கிறது. ஏ.சி. போட்டால் அந்தப் பளுவே வேகத்தை ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் கார்பரேட்டர்தான். அந்தக் கால வண்டிகளில் ஐட்லிங் சரியில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரும் காதும் போதும். 2000க்குப் பிறகு புகை விதிகள் இறுகின, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது, புகை குறைந்தது. நல்லதுதான். ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததைத்தான் அது சொல்லும். கிழிந்த ஹோஸுக்கு சென்சார் கிடையாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பையனும் ஏமாற்றுக்காரன் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அவனுக்குக் கணக்கு. நின்று கேட்க நேரமில்லை, மாற்றுவதற்குத்தான் நேரம். என் வருத்தம் அந்த முறை மேல்தான். கோளாறு கண்டுபிடிப்பது ஒரு வேலை. பாகம் மாற்றுவது வேறொரு வேலை. முதல் வேலைக்குக் கூலி கொடுக்க நாமும் தயங்குகிறோம். 'சும்மா பார்த்ததுக்கு எதுக்குக் காசு' என்கிறோம். அப்புறம் அவர்கள் பாகத்தை விற்காமல் என்ன செய்வார்கள்? பாய் கேட்ட 200 ரூபாயில் 150 அந்தக் கேள்விகளுக்குத்தான் என்பேன்.

எல்லாப் பழைய வண்டியையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. அடித்தளம் துருப்பிடித்தால், பிரேக் நம்ப முடியாமல் போனால், புகை கக்கினால் விட்டுவிட வேண்டியதுதான். 15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. அதைக் கட்டித்தான் 2023இல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். 2028இல் உண்மையாகவே வயசானால் அனுப்பிவிடுவேன். ஆனால் 120 ரூபாய் ஹோஸுக்காக அனுப்ப மாட்டேன்.

உங்கள் வண்டி இப்படி மூச்சு வாங்கினால் மெக்கானிக்கிடம் போகுமுன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: குளிரிலா சூட்டிலா, ஏ.சி. போட்டால் என்ன ஆகிறது, கடைசியாக நடந்த வேலை என்ன. வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவையும் பாருங்கள். அது குறைந்தாலும் சில வண்டிகளில் இதே ஆட்டம் வரும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள், விஷ வாயு. தோளில் துண்டோடு ஓடும் இன்ஜின் மேல் குனியாதீர்கள். பெட்ரோலைத் தெளித்து லீக் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

போன வாரம் ஜிப்மர் போய் வந்தோம். சிக்னலில் வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. மனைவி சொன்னாள்: "உங்களை அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்கு அனுப்பியிருந்தா, உங்களையும் எக்ஸ்சேஞ்ச்ல போடச் சொல்லியிருப்பான்."

ஏர் ஃபில்டர் மாற்றும் வேலையை இனி பாயிடமே விட்டுவிட்டேன்.